புகை மணம் சொட்டுக் கணக்கில்: புகையிலைச் சுவை வேப் லிக்விடை வீட்டில் கலப்பது எப்படி?

புகையிலைச் சுவையில் சொந்தமாக வேப் லிக்விட் (மின்-சிகரெட்டில் ஊற்றும் திரவம்) கலக்க ஆரம்பிப்பவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஒரே இடத்தில்தான் வழுக்கி விழுகிறோம். சிகரெட்டை விட்ட ஆளுக்கு அந்தப் புகையின் ஞாபகம் நாக்கிலேயே இருக்கும். வாங்கிய புகையிலை ஃபிளேவரோ கேரமல் மிட்டாய் மாதிரி இனிக்கும். சரி, புகை மணம் தரும் கான்சன்ட்ரேட் (செறிந்த ஃபிளேவர் திரவம்) ஒன்றை ஊற்றினால் சிகரெட் வந்துவிடும் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. மற்ற ஃபிளேவர்களுக்குப் போடும் அளவிலேயே, 30 மி.லி. புட்டியில் 2% ஊற்றினேன். வந்தது சிகரெட் இல்லை. எரியும் விறகில் தண்ணீர் ஊற்றி அணைத்தால் ஓர் ஆவி கிளம்புமே, அதுவும் ஆஸ்பத்திரி கிருமிநாசினி வாடையும் சேர்ந்த ஏதோ ஒன்று. புட்டியை அன்றே கொட்டிவிட்டேன். டேங்கில் (சாதனத்தில் லிக்விட் நிற்கும் கலம்) ஏறிய வாடை மட்டும் இரண்டு வாரம் போகவில்லை.

ஏற்கெனவே புகைத்தவர்கள், வேப்புக்கு மாறியவர்கள், வயது வந்தவர்கள் ஆகியோருக்காகத்தான் இதை எழுதுகிறேன். நிகோடின் பழக்கமே இல்லாதவர் இதைப் படித்துவிட்டுத் தொடங்க வேண்டியதில்லை. சில நாடுகளில் வேப் சாதனங்களும் லிக்விடும் முழுத் தடையில் இருக்கின்றன; சில நாடுகளில் நிகோடின் அளவுக்கு உச்சவரம்பு உண்டு. உங்கள் ஊர்ச் சட்டத்தைத் தெரிந்துகொண்டு மேலே படியுங்கள்.

புகை இலையில் ஏறுவது எப்படி?

இது புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. சிகரெட்டில் பற்றவைத்த பிறகு வருவது எரிந்த புகை. புகையிலை ஃபிளேவர்களில் வரும் 'புகை மணம்' அது அல்ல. அறுவடைக்குப் பின் இலையைப் பாடம் செய்யும்போது ஏறுகிற மணம் அது. வர்ஜீனியா இலையைச் சூடான கொட்டகையில் குழாய் வழியாக வரும் வெப்பத்தில்தான் பாடம் செய்கிறார்கள். நெருப்பின் புகை இலையைத் தொடுவதே இல்லை. பர்லி காற்றில் உலர்வது. ஓரியண்டல் வெயிலில் காய்வது. வழக்கமான கலப்பு சிகரெட்டில் இருப்பது பெரும்பாலும் இந்த மூன்றும்தான். அதாவது சிகரெட்டுக்குள் இருக்கும் இலையில் விறகுப் புகை மணம் கிட்டத்தட்ட இல்லை.

விறகுப் புகை ஏறும் இலைகள் வேறு. 'டார்க் ஃபயர்டு கென்டக்கி' என்ற இலைக்குக் கொட்டகைத் தரையிலேயே கடின மரத்தை மூட்டமாக எரித்துப் புகை ஏற்றுகிறார்கள். லடாக்கியா என்பது ஓரியண்டல் வகை இலையை நறுமண மரங்களின் புகையில் நீண்ட நாள் வைத்து எடுப்பது. சிரியாவின் துறைமுக நகரத்தின் பெயரைத் தாங்கியது, பின்னாளில் சைப்ரஸிலும் செய்தார்கள். இவை பைப்பில் போடும் கலவைகளுக்கானவை. ஆக, புகை கான்சன்ட்ரேட் உங்களைப் பைப் புகையிலைப் பக்கம் கொண்டுபோகும், சிகரெட் பக்கம் அல்ல. சிகரெட் ஞாபகம்தான் வேண்டுமென்றால் உலர்ந்த, கொஞ்சம் கசப்பான பர்லி வகைகளை நாடுங்கள். புகைப் புட்டியை வாங்காமலே இருந்துவிடலாம்.

மரத்தில் உள்ள லிக்னின் வெப்பத்தில் சிதைந்தால் குவாயகால், சிரிங்கால் போன்ற ஃபீனால் வகைப் பொருட்கள் உருவாகின்றன. நாம் புகை என்று உணர்வதில் பெரும்பங்கு இவற்றுடையது. பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தாலே மனித மூக்கு குவாயகாலைக் கண்டுபிடித்துவிடும். என் 2% ஏன் ஆஸ்பத்திரியானது என்பதற்கு இதுதான் காரணம்: ஃபீனால் மணம் அளவு மீறினால் மருந்து வாடையாகத்தான் தெரியும். ஒட்டகத்துக்குக் கூடாரத்தில் இடம் கொடுத்த கதை மாதிரி, முதலில் மூக்கை நீட்டும், அப்புறம் மற்ற ஃபிளேவர் எல்லாம் வெளியே நிற்கும்.

எதை வாங்கலாம், எதைத் தொடக்கூடாது

வேப் லிக்விடுக்கென்றே பி.ஜி.யில் (புரோப்பிலீன் கிளைக்கால்) கரைத்து விற்கும் கான்சன்ட்ரேட் மட்டும். ஃபிளேவர்ஆர்ட் நிறுவனத்தின் 'பிளாக் ஃபயர்' இந்த வகையில் பலருக்கும் தெரிந்த பெயர். லடாக்கியா என்ற பெயரில் வருபவற்றில் புகையும் இலையும் சேர்ந்தே இருக்கும். தனிப் புகை கான்சன்ட்ரேட்டைவிட அவை சாது. முதல்முறை கலப்பவருக்கு நான் லடாக்கியா வகையைத்தான் சொல்வேன்.

சமையலுக்கு விற்கும் திரவப் புகையை இங்கே கொண்டுவராதீர்கள். அதில் தண்ணீர், அமிலங்கள், சில சமயம் எண்ணெயோ எண்ணெயைக் கலக்கவைக்கும் பொருளோ இருக்கும். எண்ணெய் நுரையீரலுக்குள் போகவே கூடாது. அதேபோல கேட் எண்ணெய், பிர்ச் தார் என்று வாசனைத் திரவியக்காரர்கள் பயன்படுத்தும் புகை மணப் பொருட்களும் வேண்டாம். அவை மரத்தைச் சுட்டு இறக்கிய தாரிலிருந்து வருபவை.

'உணவுத் தரம்' என்ற முத்திரையைக் கண்டு ஏமாறவும் வேண்டாம். அது தின்பதற்கான சான்று, மூச்சில் இழுப்பதற்கானது அல்ல. உணவுக்கே கூட நிலைமை அவ்வளவு தெளிவாக இல்லை: ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் எட்டு புகைச் சுவையூட்டிகளை மறுபடி ஆராய்ந்தது, மரபணுவைப் பாதிக்கலாம் என்ற கவலை அவற்றில் எதற்கும் நீங்கவில்லை. 2024இல் அந்த எட்டின் அனுமதியும் புதுப்பிக்கப்படவில்லை. வேப் ஃபிளேவர்களில் உள்ள புகைப் பொருட்கள் அவையேதான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் புகை மணம் என்றாலே குறைவாகப் போடுவதற்குச் சுவையைத் தாண்டியும் ஒரு காரணம் இருக்கிறது. வாங்கும்போது, இழுத்தால் நுரையீரலைக் கெடுக்கக்கூடிய வெண்ணெய் மணப் பொருட்களான டயசெட்டில், அசிட்டைல் புரோப்பியோனில் இரண்டும் இல்லை என்று தயாரிப்பாளர் சொல்கிறாரா என்றும் பாருங்கள். கேரமல், வெண்ணெய் சாயல் உள்ள புகையிலை ஃபிளேவர்களில் இவை வரக்கூடும்.

மற்ற சாமான்கள்: பி.ஜி., வி.ஜி. (வெஜிடபிள் கிளிசரின்), 0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு, 10 மி.லி., 30 மி.லி. கண்ணாடிப் புட்டிகள், கையுறை, ஒட்டுச்சீட்டு, ஒரு நோட்டு. சிரிஞ்சில் அளக்கலாம்தான்; ஆனால் தராசு வாங்கியவர் யாரும் சிரிஞ்சுக்குத் திரும்பிப் போய் நான் பார்த்ததில்லை. கழுவ வேண்டிய பாத்திரமே இல்லை என்பது பெரிய நிம்மதி.

முதல் வேலை: பத்தில் ஒரு பங்காக்குவது

ஒரு சொட்டு ஏறக்குறைய 0.05 மி.லி. பத்து மி.லி. புட்டியில் ஒரே ஒரு சொட்டு விட்டாலே 0.5% ஆகிவிடும். நமக்குத் தேவையோ பெரும்பாலும் 0.1 முதல் 0.3% வரை. அரைச் சொட்டு விட யாராலும் முடியாது. அதனால் நீர்க்கச் செய்துதான் ஆக வேண்டும்.

தராசில் காலிப் புட்டியை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். புகை கான்சன்ட்ரேட் 1.00 கிராம், மேலே பி.ஜி. 9.00 கிராம். மூடிக் குலுக்கி, 'புகை 10%' என்று தேதியோடு சீட்டு ஒட்டுங்கள். சீட்டை இப்போதே ஒட்ட வேண்டும். நாளைக்கு எது மூலப் புட்டி, எது நீர்த்தது என்று மோந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, இரண்டுமே ஒரே மாதிரி மூக்கில் அறையும்.

ஒரு நாள் வைத்துவிட்டு வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பாருங்கள். கலங்கலாக இருந்தாலோ, மேலே வட்ட வட்டமாக ஏதாவது மிதந்தாலோ எண்ணெய் இருக்கக்கூடும் என்று பொருள், அப்படியே குப்பைக்கு. தெளிவாக இருப்பதாலேயே பாதுகாப்பானது என்று ஆகிவிடாது, கலங்கினால் கண்டிப்பாக ஆகாது, அவ்வளவுதான்.

மூலப் புட்டியை இறுக மூடி, அதைத் தனிக் கண்ணாடி ஜாடிக்குள் போட்டு வையுங்கள். நான் எல்லா ஃபிளேவர்களோடும் ஒரே பெட்டியில் வைத்திருந்தேன். ஒரு மாதம் கழித்து வெனிலா புட்டியின் ரப்பர் மூடியை மோந்தால் கரிமூட்டம்.

இலையை முதலில் கட்டுங்கள்

புகை மணம் இல்லாமலே இழுக்கத் தகுந்த ஒரு புகையிலைக் கலவை இருக்க வேண்டும். அது சப்பென்று இருந்தால் புகை சேர்த்து மீட்க முடியாது. நான் திரும்பத் திரும்பப் போகும் அடித்தளம் எளிமையானது: இளநிற வர்ஜீனியா சாயல் 2%, பர்லி அல்லது கொட்டை மணமுள்ள புகையிலை 1.5%, உலர்ந்த திராட்சை அல்லது அத்தி 0.5%. கான்சன்ட்ரேட்டுக்குக் கான்சன்ட்ரேட் வீரியம் மாறும், ஆகவே தயாரிப்பாளர் சொல்லும் அளவோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். உலர்பழம் எதற்கு என்றால், புகைக்கு நடுவில் ஈரமாக ஏதோ ஒன்று வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வோர் இழுப்பும் தொண்டையில் வறண்டு நிற்கும்.

புகையோடு ஒத்துப்போகிறவை தேன், பதனிட்ட தோலின் மணம், தேவதாரு, கருந்தேநீர். சீனாவின் ஃபூஜியனில் பைன் விறகுப் புகையில் உலர்த்தும் லாப்சாங் சூச்சோங் தேயிலையைக் குடித்திருந்தால் இந்தச் சேர்க்கை ஏன் பொருந்துகிறது என்று உடனே புரியும். ஒத்துப்போகாதவை இரண்டு. மேப்பிள் அல்லது பழுப்புச் சர்க்கரையோடு புகை சேர்ந்தால் மூளை அதைப் பொரித்த இறைச்சி என்றே படிக்கும். காபியோடு சேர்ந்தால் கருகல். மெந்தாலோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள் 5 மி.லி.க்கு மேல் கலக்க வேண்டாம்.

நான்கு புட்டிச் சோதனை

அடித்தளக் கலவையை நிகோடின் இல்லாமல் 40 மி.லி. கலந்து, நான்கு புட்டிகளில் பத்துப் பத்தாகப் பிரியுங்கள். நீர்த்த புகையிலிருந்து முதல் புட்டிக்கு 0.1 மி.லி., அடுத்தடுத்து 0.2, 0.3, 0.5. இவை முறையே ஏறக்குறைய 0.1, 0.2, 0.3, 0.5% மூலக் கான்சன்ட்ரேட்டுக்குச் சமம். எண்ணைப் புட்டியின் அடியில் எழுதுங்கள். மேலே தெரிந்தால் நாக்கு பொய் சொல்லும்.

மெலிந்ததிலிருந்து தொடங்குங்கள். வலுத்ததை முதலில் இழுத்தால் மற்ற மூன்றும் வெறும் தண்ணீர். இடையில் தண்ணீர் குடித்து ஐந்து நிமிடம் விடுங்கள். ஒரே உட்காரலில் பத்து இழுப்புக்கு மேல் போனால் புகை மணமே தெரியாமல் போகும். அப்போதுதான் ஆசாமி 'இன்னும் கொஞ்சம்' என்று புட்டியைத் திறப்பார். அந்த நேரத்தில் திறக்காதீர்கள்.

அன்றைக்கு ஒரு தடவை, ஒரு வாரம் கழித்து ஒரு தடவை, மூன்று வாரம் கழித்து ஒரு தடவை. மூன்று முறையும் நோட்டில் ஒரு வரி. எனக்கு முதல் நாள் 0.1% போதவில்லை, 0.3% பிடித்தது. மூன்றாம் வாரம் 0.3% முழுப் புட்டியாக இழுக்க முடியாத அளவு களைப்பாக இருந்தது, 0.1%க்கும் 0.2%க்கும் நடுவில் நின்றேன். உங்கள் மூக்கு வேறாக இருக்கலாம். ஆனால் முதல் நாள் முடிவெடுத்த யாரும் அதிகமாகவே போடுவார்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

30 மி.லி. கணக்கு

0.2% புகை, மி.லி.க்கு 3 மி.கி. நிகோடின், பி.ஜி. 40, வி.ஜி. 60 என்று வைத்துக்கொள்வோம். நிகோடின், பி.ஜி.யில் மி.லி.க்கு 20 மி.கி. கரைத்த பேஸ். தேவையான பேஸ்: 3 × 30 ÷ 20 = 4.5 மி.லி. பி.ஜி. ஒரு மி.லி. ஏறக்குறைய 1.04 கிராம், வி.ஜி. 1.26 கிராம். ஃபிளேவர்களும் நிகோடின் பேஸும் பெரும்பாலும் பி.ஜி.தான் என்பதால் அதே எடை.

வர்ஜீனியா 0.6 மி.லி. — 0.62 கிராம்
பர்லி 0.45 மி.லி. — 0.47 கிராம்
உலர்திராட்சை 0.15 மி.லி. — 0.16 கிராம்
நீர்த்த புகை 10% 0.6 மி.லி. — 0.62 கிராம்
நிகோடின் பேஸ் 4.5 மி.லி. — 4.7 கிராம்
பி.ஜி. 5.7 மி.லி. — 5.9 கிராம்
வி.ஜி. 18 மி.லி. — 22.7 கிராம்

நீர்க்காமல் ஊற்றியிருந்தால் புகை 0.06 கிராம். தராசின் கடைசி இலக்கம் ஒன்று முன்னே பின்னே ஆடினால் ஆறில் ஒரு பங்கு தப்பு. 0.62 கிராமில் அதே ஆட்டம் கண்ணுக்கே தெரியாது.

ஃபிளேவர்களை முதலில், வி.ஜி.யைக் கடைசியில் ஊற்றுங்கள். ஒவ்வொன்றுக்கும் முன் தராசைப் பூஜ்யமாக்குங்கள். மெதுவாகச் சொட்டுவிட்டால் சில தராசுகள் நடுவில் தானே அணைந்துவிடும், அதனால் எந்த வரி வரை வந்தீர்கள் என்று நோட்டில் டிக் போட்டுக்கொண்டே போங்கள். வி.ஜி. குளிர்ந்து கெட்டியாக இருந்தால் புட்டியை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் வையுங்கள்.

நிகோடின் எடுக்கும்போது கையுறை கட்டாயம். தோலில் பட்டால் உடனே சோப்பு போட்டுக் கழுவுங்கள். குமட்டல், தலைச்சுற்றல், வியர்வை வந்தால் அலட்சியம் வேண்டாம், மருத்துவ உதவி தேடுங்கள். 100 மி.கி. மாதிரிச் செறிந்த பேஸ் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்காதீர்கள். வீட்டு மேசையில் அதற்கு வேலை இல்லை. குழந்தை திறக்க முடியாத மூடி, பூட்டிய அலமாரி. பழ வாசனை வரும் புட்டி குழந்தைக்குச் சாறு மாதிரிதான் தெரியும்.

ஊறவிடும் காலம்

பழ லிக்விடை மறுநாளே இழுக்கலாம். புகையிலைக்கு இரண்டு முதல் நான்கு வாரம். முதல் நாள் புகை முன்னால் நிற்கும், இலை எங்கோ பின்னால். பத்து நாளில் விளிம்புகள் மழுங்கும். மூன்றாம் வாரத்தில் புகை மூச்சை விடும்போதுதான், மூக்கின் மேல்பக்கம், தெரியும். அந்த இடத்துக்கு வந்துவிட்டதென்றால் கலவை சரி. இருட்டு அலமாரி, இறுக்கிய மூடி, எப்போதாவது ஒரு குலுக்கல், போதும். சூடாக்கி ஊறலை விரைவுபடுத்துவதை நான் செய்வதில்லை. வெப்பமும் காற்றும் நிகோடினைக் கருக்கி மிளகுக் காரம் போல ஆக்கும். நிறம் கொஞ்சம் கருப்பது மட்டும் இயல்பு.

காயில் (சூடாக்கும் கம்பிச் சுருள்) கருகியதா, ஃபிளேவரா?

புகை லிக்விடில் எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். பழ லிக்விடில், காயிலுக்கு லிக்விடை உறிஞ்சித் தரும் காட்டன் காய்ந்து கருகினால் அடுத்த நொடி தெரிந்துவிடும். அந்தக் கசப்பே எச்சரிக்கை. புகை மணமுள்ள லிக்விடில் அந்த எச்சரிக்கை மறைந்துபோகிறது. காய்ந்த காட்டனில் சூடு மிகும்போது ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் போன்றவை கூடுகின்றன; அவற்றைத்தான் 'ஆஹா, நல்ல புகை' என்று இழுத்துக்கொண்டிருப்போம்.

வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரு வழி. சாதனத்தின் வாட் அளவைக் குறைத்து மெதுவாக இழுங்கள். ஃபிளேவரின் புகை மெலியும், ஆனால் இருக்கும்; காட்டன் காய்ந்து வரும் கருகல் பெரும்பாலும் குறைந்துவிடும், காட்டன் ஏற்கெனவே கருகியிருந்தால் மட்டும் போகாது. ஃபிளேவரின் புகை முதல் இழுப்பிலும் பத்தாவது இழுப்பிலும் ஒரே அளவு; கருகல் இழுக்க இழுக்க ஏறும், தொண்டையைச் சுரண்டும், இருமல் வரும். சந்தேகம் தீரவில்லையென்றால் காட்டனைக் கழற்றிப் பாருங்கள், பழுப்புத் திட்டு பொய் சொல்லாது. புகைக் கலவைக்கு வாட்டைக் குறைவாகவே வைத்து, காயிலை வழக்கத்தைவிட முன்னதாகவே மாற்றிவிடுகிறேன். டேங்கும் தனி. ரப்பர் வளையங்கள் புகை மணத்தைப் பிடித்துக்கொண்டால் கழுவிப் போக்குவது கிட்டத்தட்ட நடக்காது. வளையத்தையே மாற்றுவதுதான் வழி.

அளவு தப்பிவிட்டால்

புகை மிஞ்சிய புட்டியில் இனிப்போ வெனிலாவோ ஊற்றி மூட முயன்றால் இனிப்பான சாம்பல்தான் கிடைக்கும். அதே கலவையைப் புகை மட்டும் இல்லாமல் அதே அளவு இன்னொரு புட்டி கலந்து, இரண்டையும் ஒன்றாக்குங்கள். 0.4% இருந்த 30 மி.லி., 0.2% உள்ள 60 மி.லி. ஆகும். மற்ற எதுவும் மாறாது. மருந்து வாடை அப்போதும் போகவில்லையென்றால் கான்சன்ட்ரேட்டே உங்களுக்கு ஒத்துவராதது. வேறு வகைக்கு மாறுங்கள்.

புகை போதவில்லை என்றால் ஒரே தடவையில் கூட்டாதீர்கள். 30 மி.லி.க்கு நீர்த்த புகை 0.15 மி.லி., அதாவது மூன்று சொட்டு. அப்புறம் ஒரு வாரம் காத்திருங்கள்.

இப்போது என் நோட்டில் இருக்கும் கடைசி வரி: 'புகை 0.15. அத்தி 0.5. 21ஆம் நாள். மூச்சை விடும்போது மட்டும்.' அடுத்த பக்கம் இன்னும் காலி.